கிருஷ்ணகிரியில் நடக்க, ரோட்டைக் கடக்க, பஸ் பிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவன் நான். பையைக் கழற்றி வைத்த பிறகும் ஜனங்கள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், பேரனைக் கூட்டிவரப் போகும் பள்ளி வாசலில் என்று எங்கே நின்றாலும் பஸ், நடைபாதை, சிக்னல் பற்றி அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஓசூர், தர்மபுரிக்காரர்கள் கேட்டவையும் உண்டு. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. மக்களை மையமா வெச்ச போக்குவரத்துன்னு மீட்டிங்ல பேசறாங்களே, அப்படின்னா என்னங்க?

ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்று பார்ப்பதை விட்டு, எத்தனை ஆள் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்ப்பதுதான். கண்டக்டர் வேலையே தலை எண்ணும் வேலை என்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸும் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கும் காரும் வண்டிக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. ஆள் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்று. சிக்னலில் பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தினால் ஐம்பது நிமிடம் வீணாகிறது. இந்தக் கணக்கை எந்த வண்டி எண்ணும் கருவியும் காட்டாது.

இது யாரோ வெளிநாட்டில் சொன்ன யோசனை என்று நினைக்க வேண்டாம். 2006இல் வந்த நம் நாட்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவது நோக்கமல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்பவர் எல்லோருக்கும் ரோட்டில் பங்கு உண்டு. நாம் கேட்பது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதைத்தான்.

2. நம்மளது சின்ன ஊரு. இதெல்லாம் சென்னை, பெங்களூருக்குத்தானே சார்?

சின்ன ஊருக்குத்தான் இது சுலபம். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி நகராட்சியில் சுமார் 71,000 பேர். ஊரின் பெரும்பகுதியை அரை மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். சென்னையில் அது முடியுமா?

ஸ்பெயின் நாட்டில் பொந்தேவேத்ரா என்று ஓர் ஊர். நம்மைவிடக் கொஞ்சம் பெரியது, எண்பதாயிரத்துச் சொச்சம் பேர். 1999இலிருந்து ஊர் நடுவில் கார்களைக் குறைத்து, தெருக்களை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வரைபடம். மெட்ரோ ரயில் வரைபடம் போலக் கோடு கோடாக இருக்கும். கோடுகளின் மேல் ரயில் நேரத்துக்குப் பதிலாக நடக்கும் நிமிடங்கள். மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷன் இத்தனை நிமிடம், அங்கிருந்து பள்ளி இத்தனை நிமிடம் என்று. பார்த்ததும், அட, இவ்வளவுதானா என்று ஜனங்கள் வண்டியை வீட்டில் விட்டார்கள். நம் ஊருக்கும் அப்படி ஒன்று போடலாம். பஸ் ஸ்டாண்டு, காந்தி சிலை, ஐந்து ரோடு ரவுண்டானா, பழையபேட்டை என்று நாலைந்து இடங்களுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் நடந்து பார்த்து நிமிடத்தைக் குறித்தால் போதும். பெயின்டும் ஒரு சுவரும்தான் செலவு.

ஆனால் ஒன்று. ஊர் சின்னது, ஊரின் தேவைகள் எல்லாம் ஊருக்குள் இல்லை. கலெக்டர் ஆபீஸ் ஊர் நடுவில் இல்லை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, ஊரைத் தாண்டி போலுப்பள்ளியில் இருக்கிறது. வண்டி இல்லாத கர்ப்பிணியோ, டயாலிசிஸுக்குப் போகிறவரோ அங்கே எப்படிப் போய்வருகிறார் என்பதே நம் ஊர்ப் போக்குவரத்துக்கு முதல் பரீட்சை.

3. ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல நாம இல்லையே, அப்ப எப்படி?

இல்லைதான். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 11 ஊர்கள். நமக்குப் பக்கத்தில் சேலமும் வேலூரும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் மூன்றுமே கிடையாது.

அதனால் எதுவும் கெட்டுப் போய்விடவில்லை. பஸ் நேரத்தைச் சரியாக எழுதி வைத்த ஒரு பலகை, பாதி நேரம் அணைந்து கிடக்கும் டிஜிட்டல் திரையைவிட புத்திசாலியான பொருள். ஆள் எங்கே நிற்கிறார், எப்போது நிற்கிறார், எங்கே போக வேண்டும் என்று தெரிந்து வண்டி விடுவதுதான் ஸ்மார்ட். அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்யலாம் என்று 10ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. இத்தனூண்டு ஊர்ல இவ்ளோ ட்ராஃபிக் எங்கிருந்துதான் வருது?

கிருஷ்ணகிரி உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து சென்னை போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கே சந்திக்கின்றன. திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் ரோடும், குப்பம் பக்கம் போகும் ரோடும் இங்கிருந்துதான் பிரிகின்றன. மாம்பழ சீசனில் மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் வரும் லோடு வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து குறும்பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. 1940களின் தொடக்கத்தில், உலகப் போர் நடந்த சமயத்தில் மூடினார்கள். தர்மபுரி–மொரப்பூர் பாதையும் அதே காலத்தில்தான் போனது. அதைத் திரும்பப் போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தர்மபுரிக்காவது சேலம்–பெங்களூர் பாதை இருக்கிறது. இங்கே அரிசி மூட்டையிலிருந்து ஆள் வரை எல்லாம் ரோட்டில்தான்.

நெடுஞ்சாலை லாரிகளில் பெரும்பாலானவை ஊருக்குள் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் காலை 8 முதல் 9.30 வரை நெரிவது நம்முடைய டூவீலர்களும், பள்ளி வேன்களும், ரோட்டோரம் நிற்கும் கார்களும்தான்.

5. ரோட்டை அகலமாக்கினா தீர்ந்துடாதா அண்ணே?

கொஞ்ச நாளைக்குத் தீரும். அகலமான ரோட்டைப் பார்த்ததும், இதுவரை பஸ்ஸில் போனவர் வண்டி எடுப்பார். காலி இடத்தில் நாலு கார் நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் பழைய நெரிசலே திரும்ப வரும். உலகத்தில் பல ஊர்களில் பார்த்து உறுதியான விஷயம் இது.

அகலமாக்கும்போது கடப்பவரை யாரும் நினைப்பதில்லை. சிக்னல் போடும் இன்ஜினியர்கள் நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வழக்கமாக வைத்துக்கொள்வார்கள். 15 மீட்டர் ரோட்டைக் கடக்க அந்த வேகத்தில் 12, 13 வினாடி ஆகும். முழங்கால் வலியுள்ள என் வயதுக்காரர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பெரிது. அவருக்கு 19 வினாடி. ரோடு அகலமாக ஆக, அவர் நடு ரோட்டில் நிற்கும் நேரமும் கூடுகிறது. எங்கெல்லாம் அகலமாக்குகிறார்களோ அங்கெல்லாம் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

6. நடைபாதை போட்டாலும் ஜனங்க ரோட்டுலதானே நடக்கறாங்க? யார் மேல தப்பு?

நடக்கிறவர் மேல் தப்பில்லை. நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று, ரோடு போடுவதற்கான விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம். ரோட்டிலிருந்து உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, அதாவது ஒரு சாண் கூட வராது. 1.8 மீட்டர் ஏன் என்றால், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்காமல் போக வேண்டும்.

சில வருடத்துக்கு முன் என் அம்மா இருந்தபோது, நாங்கள் போய்வரும் ஒரு தெருவில் புது நடைபாதை வந்தது. சாக்கடையை மூடி அதன்மேலேயே கட்டியிருந்தார்கள். ஒன்றரை அடி உயரம். பத்தடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சரிவாக இறக்கம். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று மூன்று வீடு தாண்டுவதற்குள் அம்மா, "போதும்டா, கீழயே நடக்கறேன்" என்று ரோட்டில் இறங்கிவிட்டார். அதன் பிறகு அந்த நடைபாதையில் பைக்குகள்தான் நின்றன. அம்மாவுக்கு நடக்கத் தெரியாமலா போனது?

உங்கள் தெருவில் நடைபாதை வேலை தொடங்கும்போதே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். கான்கிரீட் காய்வதற்கு முன் சொன்னால் திருத்துவது எளிது. காய்ந்துவிட்டால் அதோடு இருபது வருடம் குடித்தனம்.

7. தள்ளுவண்டி, பூக்கடைய எல்லாம் தூக்கிட்டா நடக்க இடம் வந்துடுமே?

அவர்கள் இருப்பதால்தான் பல தெருக்களில் ராத்திரி எட்டு மணிக்கும் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். விளக்கும் ஆளும் இருக்கிற தெரு பாதுகாப்பான தெரு. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கொய்யாப்பழ வண்டி நின்றால், தனியாக பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அது ஒரு துணை.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிக்காமல் அவர்களை அப்புறப்படுத்தவும் முடியாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். நடக்க 1.8 மீட்டர் விட்டுவிட்டு அதற்கு வெளியே அவர்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும். ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு தள்ளுவண்டி நிற்கலாம்.

8. கடை முன்னாடி வண்டி நிறுத்த விடலன்னா எங்க வியாபாரம் படுத்துடும். அத யோசிச்சீங்களா?

யோசித்தேன், ஏனென்றால் கேட்டவர் என் நண்பர், துணிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு நாள், கடைக்குள் வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் வந்தார்கள், எத்தனை பேர் நடந்தோ பஸ்ஸிலோ வந்தார்கள் என்று கோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதி நாளிலேயே அவர் கண்டுபிடித்தது, வாசலை மறைத்து நாள் முழுக்க நிற்கும் கார்களில் ஒன்று பக்கத்துக் கடைக்காரருடையது, இன்னொன்று அவருடையதே.

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி நடைபாதை வளாகம் திறந்தபோதும் இதே பயம்தான் இருந்தது. கடைகள் அங்கேதான் இருக்கின்றன, கூட்டமும் இருக்கிறது. நம் ஊரில் எடுத்தவுடன் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று வைத்தாலே ஒரே இடத்தில் காலை முதல் மாலை வரை வண்டி நிற்பது குறையும். வாங்க வருகிறவருக்கு இடம் கிடைக்கும்.

9. லேடீஸுக்கு ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?

அவசியம் வாங்குங்கள், கண்டக்டர் கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளுக்கும் அதை நீட்டினார்கள். அந்தப் பயணத்துக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. கட்டணமில்லாச் சீட்டுதான் அதற்குக் கணக்கு. சீட்டு கிழிக்காமல் நாற்பது பெண்கள் போனால், அந்த ட்ரிப் காலியாக ஓடியதாகப் பேப்பரில் நிற்கும். நாளைக்கு எந்த ட்ரிப்பைக் குறைக்கலாம் என்று யாராவது பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தனியார் டவுன் பஸ்ஸிலும் வெளியூர் போகும் மப்சல் பஸ்ஸிலும் இந்தச் சலுகை இல்லை. ஏறும் முன் போர்டைப் பாருங்கள். ஏறிவிட்டு வாக்குவாதம் செய்து இறங்கும் பாட்டிகளை நிறையப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

10. எங்க ஊருக்கு பஸ் விடச் சொல்லி பத்து மனு கொடுத்தாச்சு. ஒண்ணும் நடக்கலியே?

மனுவில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும், "எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் இருக்கும். அதைப் படிக்கிற அதிகாரிக்கு எந்த நேரத்துக்கு, எத்தனை பேருக்கு, எங்கிருந்து எதுவரை என்று எதுவும் தெரியாது. டிப்போவில் இருக்கும் வண்டி எண்ணிக்கை அளவானது. ஒரு சிங்கிள், அதாவது ஒருவழி ட்ரிப், கூட்ட வேண்டும் என்றால் இன்னொரு இடத்தில் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு அவருக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பஸ் ஸ்டாப்பில் காலை 7 மணிக்குப் போய் உட்காருங்கள். பக்கத்தைக் கட்டம் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்குக் கால் மணி நேரம், 7.00, 7.15, 7.30 என்று 10 மணி வரை. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக வந்து நிற்பவர் எத்தனை பேர், அதில் பிள்ளைகள், பெண்கள், முதியவர்கள் எத்தனை பேர், ஏற முடியாமல் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பஸ் வந்தால் நேரத்தைக் குறியுங்கள், அரசா தனியாரா என்றும். வர வேண்டிய பஸ் வராமல் போனால் கட் ஆன ட்ரிப் என்று வட்டம் போடுங்கள். காத்திருந்து அலுத்துப் போய் ஷேர் ஆட்டோவிலோ, முன்பின் தெரியாதவர் பைக்கில் லிஃப்ட் கேட்டோ போனவர்களைத் தனியாக எழுதுங்கள். அந்த எண்ணிக்கைதான் மனுவில் அதிகம் பேசும். மாலை 4 முதல் 7 வரைக்கும் இதே மாதிரி.

ஒரு நாள் எண்ணினால் தற்செயல் என்பார்கள். திங்கள், புதன், சனி என்று மூன்று நாள், இரண்டு வாரம் எண்ணுங்கள். பிறகு மனு இப்படி மாறும். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: "காலை 8.10க்கும் 9.05க்கும் நடுவே பஸ் இல்லை. அந்த நேரத்தில் சராசரியாக 46 பேர் நிற்கிறார்கள். அதில் 29 பேர் பள்ளி மாணவிகள். 8.30க்கு ஒரு சிங்கிள் வேண்டும்." இந்த மனுவுக்கு முடியாது என்று சொல்பவரும் காரணம் எழுத வேண்டியிருக்கும். பல சமயம் புது வண்டியே வேண்டாம், 8.10 பஸ்ஸை இருபது நிமிடம் தள்ளிவிட்டாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

ஏற்கெனவே எந்தெந்த நேரத்துக்கு பஸ் ஓட வேண்டும் என்று தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த வழித்தடத்தின் பெர்மிட் நேரங்களைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெர்மிட்டில் இருக்கும் நேரத்தையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிதாகக் கேட்க வேண்டியது எது, ஏற்கெனவே நமக்குத் தர வேண்டியது எது என்று பிரிந்துவிடும்.

11. பெரிய பஸ் நுழையாத ஊருக்கு?

மினிபஸ். தமிழ்நாட்டில் 1997இலேயே வந்தது. புதிய விரிவான மினிபஸ் திட்டத்தை 2025 ஜூனில் தொடங்கினார்கள். பஸ் போகாத பகுதிகளை இணைப்பதுதான் அதன் வேலை. வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கமுள்ள உள் கிராமங்களுக்கு ஏற்றது. இதற்கும் 10ஆம் கேள்வியின் நோட்டுதான் ஆதாரம். கூடவே, கிராமத்தில் ராத்திரி தங்கிக் காலையில் முதல் ட்ரிப் எடுக்கும் நைட் ஹால்ட் பஸ்ஸை எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். பூக்காரரும் காய்காரரும் விடிகாலையில் மார்க்கெட் போவது அதில்தான்.

12. பஸ் எங்க வருதுன்னு போன்ல பாக்க முடியாதா தாத்தா? ஆட்டோ மட்டும் தெரியுதே?

கேட்டது எட்டாம் வகுப்புப் பெண். நல்ல கேள்வி. 2019 தொடக்கத்திலிருந்து பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் உருவாகிறது. அது பயணியின் கைக்கு வந்து சேரும் ஏற்பாடுதான் வேண்டும். சென்னையில் 2025இல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம்.

பஸ் நேரங்களை உலகம் முழுக்க ஒரே வடிவத்தில் எழுதிவைக்க ஒரு பொது முறை இருக்கிறது. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. ஸ்டாப் பெயர், நேரம், வழி மூன்றையும் அட்டவணையாக எழுதித் திறந்துவிட்டால் எந்த மேப்பிலும் பஸ் தெரியும். கம்ப்யூட்டர் படிக்கும் நம் காலேஜ் பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் கிருஷ்ணகிரிக்கு இதைச் செய்துவிட முடியும்.

ஆனால் போன் இல்லாதவர்தான் பஸ்ஸை அதிகம் நம்புகிறவர். அதனால் முதலில் பலகை, பிறகு செயலி. ஸ்டாப்பில் தமிழில், பெரிய எழுத்தில், முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் கட்டாயம் தெரியும்படி.

13. இப்படி எல்லாம் பதிவானா நம்ம போறது வர்றத யாராவது பாத்துட்டே இருக்க மாட்டாங்களா?

பஸ் எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆள் எண்ணிக்கை போதும், ஆளின் பெயர் வேண்டாம். நோட்டில் எண்ணும்போதும் இதே விதிதான்: யாருடைய பெயரையும் எழுதாதீர்கள், முகத்தைப் படம் எடுக்காதீர்கள்.

14. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நம்ம மாவட்டத்துலயே செய்யறாங்க. எல்லாரும் அத வாங்கிட்டா பிரச்சனை தீர்ந்துச்சில்ல?

புகையும் சத்தமும் தீரும். அது பெரிய விஷயம்தான். 1980இலேயே மொபெட் செய்து அனுப்பிய ஓசூர் டிவிஎஸ், அதே ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று நாட்டுக்கே வண்டி செய்து தரும் மாவட்டம் இது. அதில் வேலை பார்க்கும் பிள்ளைகளை நினைத்து எனக்குப் பெருமையும் உண்டு.

ஆனால் பெட்ரோல் வண்டி பிடிக்கிற இடத்தையேதான் எலக்ட்ரிக் வண்டியும் பிடிக்கும். நெரிசலில் நிற்கும் நேரம் மாறாது. மோதினால் படும் அடியும் மாறாது. சத்தமில்லாமல் வருவதால் காது மந்தமானவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் கூடுதல் கவனம் வேண்டும். 1ஆம் கேள்வியின் கணக்கில், எலக்ட்ரிக் ஆக வேண்டியவற்றில் முதல் வரிசையில் நிற்க வேண்டியவை பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி மாறினால் கிடைக்கும் பலன், பத்து கிலோமீட்டர் ஓடுகிற வண்டி மாறுவதில் கிடைக்காது.

15. இந்த வெயில்ல சைக்கிள் மிதிக்கச் சொல்றீங்களா?

மத்தியானம் சொல்ல மாட்டேன். காலை எட்டரைக்கு நம் ஊரில் அவ்வளவு வெயில் இல்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குக் கால் மணி நேரம் போதும். பிளஸ் ஒன் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதில் எத்தனை வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். வெயில் அல்ல காரணம். "ரோட்டுல விட பயமா இருக்கு" என்றுதான் தாய்மார்கள் என்னிடம் சொல்கிறார்கள். பள்ளி இருக்கும் ரோட்டில் வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் பயம் பாதி போகும். 30இல் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். 50ஐத் தாண்டினால் சாவுக்கான அபாயம் பல மடங்கு கூடுகிறது.

16. முட்டி வலிக்காரங்க பஸ் படியில எப்படி ஏறறது?

இதை நான் தினமும் பார்த்தவன். கை கொடுத்துத் தூக்கிவிடுவேன்; சில பாட்டிகள் இரண்டு கையையும் படியில் ஊன்றித் தவழ்ந்து ஏறுவார்கள். தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். சாதாரண டவுன் பஸ்ஸின் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

தாழ்தளப் பேருந்து நம் ஊருக்கு வரும்வரை டிரைவர் ஒரு காரியம் செய்யலாம். பஸ்ஸை ஸ்டாப்பின் திட்டை ஒட்டி நிறுத்தினால் முதல் படி அரை அடி குறையும். அதற்கு ஸ்டாப் முன்னால் ஆட்டோவும் பைக்கும் நிற்கக் கூடாது. நம் ஊர் பஸ் நடு ரோட்டில் நிற்பதற்கு டிரைவரின் அவசரம் மட்டும் காரணமில்லை, ஓரத்தில் இடமே இருப்பதில்லை. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கேட்கும்போது 1க்கு 12 என்று கேளுங்கள்; ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம். செங்குத்தாக ஒரு சிமென்ட் பூச்சு போட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவதை ஏற்காதீர்கள்.

17. ஹைவேயில எங்க ஊர் ஜனங்க தினமும் உயிரக் கையில புடிச்சிட்டு கிராஸ் பண்றாங்க. மேம்பாலம் வர்ற வரைக்கும் என்ன செய்யறது?

கணக்குப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. நாலு வழிச் சாலையில் ஒரு பக்கம் கடக்க 7 மீட்டர். முதியவருக்கு 9 வினாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த 9 வினாடியில் 200 மீட்டர் வந்துவிடும். இருட்டில் இருநூறு மீட்டர் தள்ளி வரும் விளக்கின் வேகத்தை யாரால் கணிக்க முடியும்? தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் பிரேக் சூடேறிய லாரிகூட நிற்காமல் போகிறது.

மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வரும்வரை கேட்டு வாங்கக்கூடியவை: உயரமான விளக்கு, இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைக்கும் கோடுகள், நடுத்திட்டில் தடுப்புடன் நிற்க இடம், அந்தக் கிராசிங்கைத் தாண்டி ஸ்டாப்பைத் தள்ளி வைப்பது. பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்கும்போது பின்னால் வரும் வண்டிக்கு ஆள் தெரிவதில்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, ரோட்டை விதிப்படி வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு விபத்தில் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

அடிபட்டவரைப் பார்த்தால் பயப்படாமல் 108க்குப் போன் செய்து உதவுங்கள். அதே சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படிக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

18. ஓசூருக்கு மெட்ரோ எப்ப வரும்?

2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் ரொம்பத் தூரமில்லை. ஆனால் நடுவில் அத்திப்பள்ளியில் மாநில எல்லை. இரண்டு அரசுகள் சேர வேண்டும். மின்சார முறையும் வேறு வேறு. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் கம்பியில் 750 வோல்ட்டில் ஓடுகிறது, சென்னை மெட்ரோ தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட்டில். எந்த முறையில் நீட்டுவது என்பதே பெரிய பேச்சு.

அதுவரை பொம்மசந்திரா ஸ்டேஷன் வாசலிலிருந்து, ரயில் வரும் நேரத்தை ஒட்டி ஓசூருக்கு பஸ் இருந்தால் பாதி மெட்ரோ வந்த மாதிரி. ரயிலையும் மறக்காதீர்கள். சேலம்–பெங்களூர் பாதை ஓசூர் வழியாகத்தான் போகிறது. ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ற வண்டிகளைக் கேட்பது மெட்ரோ கேட்பதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

19. சரி, எந்த ரோடு யாரோடது? மனு யார்கிட்ட குடுக்கறது?

தெருவும் ஊர் உள் ரோடும் நகராட்சியுடையவை. ஓசூர் என்றால் 2019 முதல் மாநகராட்சி. ஊர்களை இணைக்கும் பெரும்பாலான ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. 44, 48 போன்றவை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ். அவர்களுடைய உதவி எண் 1033. பஸ் பெர்மிட், நேரம் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அரசு பஸ் ட்ரிப் என்றால் போக்குவரத்துக் கழகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேலம் கோட்டத்தின் தர்மபுரி மண்டலத்தில் வருகின்றன.

யாருடையது என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், அல்லது 1100க்குப் போன் செய்யுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டரே தலைவர். அதன் கூட்டத்தில் வைக்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் படியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். எங்கே கொடுத்தாலும் ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். நோட்டின் அசலைக் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

20. மழை நாள்ல எண்ணலாமா? கூட்டம் கம்மியா இருக்குமே?

எண்ணுங்கள், ஆனால் தனிப் பக்கத்தில். மழை நாள் கணக்கைச் சாதாரண நாளோடு சேர்த்துச் சராசரி போட்டால் எண் குறைந்துவிடும். அதைக் காட்டியே ட்ரிப் தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள். மேலே "மழை" என்று எழுதி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம்: நிழற்குடைக்குள் நிற்பவர்கள் எத்தனை பேர், இடமில்லாமல் வெளியே புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைகிறவர்கள் எத்தனை பேர்.